கையால் இழைத்த மரக்கட்டை: எந்த வேட்டை ரைஃபிளுக்குத் தகும்?

ரேகை சுழன்றோடும் வால்நட் பலகை ஒன்றைப் பார்த்துவிட்டால் மனசு அதிலேயே நின்றுவிடும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற ரைஃபிளைத் தேடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு. வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் இரும்பு, கடைசியில் மரம்.

கட்டை என்பது குழலும் மற்ற இரும்பும் உள்ளே உட்காரும், தோளில் பதியும் மர உறுப்பு. கையால் குடைந்த கட்டை ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் சரியாகப் பொருந்தும். அதே மாடலில் அடுத்த வரிசை எண் உள்ளதை வைத்தாலும் எங்காவது ஒரு மயிரிழை இடைவெளி காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் ஓரளவு நல்ல பலகைக்கே சில நூறு டாலர் ஆகும். அழகான பலகை ஆயிரத்தைத் தாண்டும். தேர்ந்த கைவினைஞரின் கூலி பல ஆயிரம். கட்டைக்குக் கொடுப்பது பெரும்பாலும் துப்பாக்கியின் விலையை மிஞ்சிவிடும், விற்கும்போது அந்தப் பணம் முழுதாகத் திரும்பவும் திரும்பாது. ஆகவே விற்கவே மனமில்லாத ரைஃபிளுக்கு மட்டும்தான் இந்தச் செலவு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அமெரிக்காவில் புழங்கும் போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்களைப் பெரும்பாலும் வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். கைப்பிடியுள்ள போல்ட்டைக் கையால் திறந்து மூடித் தோட்டா ஏற்றும் வகை இது.

எந்த வேலைக்கு முன்பும் தோட்டாக்களை எடுத்துவிடுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவிப் பாருங்கள்.

1. தொடக்கூடாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே இருக்கும் பழைய ரைஃபிளுக்குச் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுப்பார்கள். வின்செஸ்டர் மாடல் 70 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1936-இல் வந்தது. 1964-இல் செலவைக் குறைக்க வடிவமைப்பை மாற்றினார்கள். மாற்றத்துக்குப் பின் வந்தவற்றின் வரிசை எண் 7,00,000-இல் தொடங்குகிறது. பழையவற்றில் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான எக்ஸ்ட்ராக்டர் நகம் ஒன்று படுத்திருக்கும். மகசினிலிருந்து தோட்டா ஏறும்போதே அதன் விளிம்பை அந்த நகம் கவ்விக்கொள்ளும்.

அப்படியொரு பழைய மாடல் 70 உங்களிடம் அசல் கட்டை, இரும்பின் அசல் நீலப்பூச்சு, கட்டையின் பின்முனையை மூடும் அசல் இரும்புப் பட் பிளேட்டோடு இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதற்குப் புதுக்கட்டை போடுவது பழைய ஓலைச்சுவடியை லேமினேட் செய்வது போன்றது.

நீங்கள் தேட வேண்டியது அதன் அடிபட்ட உடன்பிறப்பை. யாரோ பின்கட்டையை அறுத்து ரப்பர் பட்டை வைத்திருப்பார்கள், அல்லது மறுபடி நீலப்பூச்சு பூசியிருப்பார்கள், அல்லது ரிசீவரில் (போல்ட் உள்ளே ஓடும் இரும்புக்கூட்டில்) கூடுதல் துளை போட்டிருப்பார்கள். ஸ்கோப் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் துளைகள் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல் 70-களில் ரிசீவரின் பின்பாலத்தில் ஸ்கோப்புக்கான துளைகள் கிடையாது. அங்கே துளை இருந்தால் பிற்பாடு யாரோ போட்டது. சேகரிப்பாளர் இந்தத் துப்பாக்கியைக் கையில் எடுக்க மாட்டார். வேட்டைக்காரருக்கோ அதன் இரும்பில் ஒரு குறையும் இல்லை. கைக்கட்டைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் அரிது.

ஜெர்மன் வடிவமைப்பான ராணுவ மவுசர் 98-க்கும் இதே கணக்குத்தான். எல்லா உறுப்பிலும் ஒரே எண் பொறித்து, ராணுவக் கட்டையோடு முழுதாக இருப்பதை விட்டுவிடுங்கள். போருக்குப் பின் கட்டையை வெட்டி வேட்டைக்கு மாற்றியவை ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் தேடுங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 விஷயத்தில் மட்டும் வரிசை எண்ணைக் கட்டாயம் பாருங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் செய்ததில் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டில் செய்ததில் 2,85,507-க்குக் கீழும் எண் இருந்தால் அதற்குக் கட்டை போடவே வேண்டாம், சுடவும் வேண்டாம். அந்தக் காலத்தில் காய்ச்சிய இரும்பின் சூட்டை அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கணித்தார்கள். அதில் சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது. சுடும்போது வெடித்த பதிவுகள் உண்டு. எது நல்லது, எது கெட்டது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

2. கட்டையைக் கழற்றி இரும்பைப் பாருங்கள்

ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களை (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த இரும்புப் பகுதியைக் கட்டையோடு பிணைப்பவை) எடுத்து, ரிசீவரைக் கட்டையிலிருந்து பிரித்தெடுங்கள். மேலே பளபளவென்று இருக்கும் துப்பாக்கி, மரத்துக்குள் மறைந்திருக்கும் பகுதியில் துருக்குழிகளோடு இருப்பது சகஜம். ஈரம் அங்கேதான் தங்கும். மவுசர் 98-இன் ரிசீவர் மேல்தோல் கெட்டி, உள்ளே மென்மை. ஆழமான குழிகளைத் தேய்த்து எடுத்தால் கெட்டித் தோலும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து போல்ட். காலி சேம்பரில் மூடி, கைப்பிடியை முழுவதும் தூக்கி, மெதுவாகப் பின்னால் இழுங்கள். தொடக்கத்திலேயே சின்ன மேடு ஏறி இறங்குவது போல ஒரு தடை தட்டினால், போல்ட்டின் லக்குகள் (பூட்டும் முனைப்புகள்) அமரும் இடம் நசுங்கிக் குழிந்திருக்கக்கூடும். மென்மையான பழைய ரிசீவரில் அழுத்தம் கூடிய தோட்டாக்களைச் சுட்டால் இப்படி ஆகும். துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித், மூடிய போல்ட்டுக்கு முன்னால் தோட்டா அமரும் இடத்தை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ்களை வைத்து உறுதி செய்வார். ‘கோ’ கேஜில் போல்ட் மூட வேண்டும், ‘நோ-கோ’ கேஜில் மூடக்கூடாது. சந்தேகம் இருந்தால் வேறு துப்பாக்கியைப் பாருங்கள்.

குழலின் வாய்விளிம்பில் அடிபட்ட தழும்பு இருந்தால் கவலை வேண்டாம். கொஞ்சம் அறுத்து மறுபடி கடைந்துவிடலாம். தோட்டா புறப்படும் இடத்தில் பாம்புத்தோல் போல வெடிப்புகள் குழலுக்குள் பார்க்கும் போர்ஸ்கோப்பில் தெரிந்தால் அந்தக் குழலுக்கு வயதாகிவிட்டது.

3. கட்டை கேட்கிறதா, குழல் கேட்கிறதா?

சுட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நீங்கள் வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவை வைத்து, குழல் ஆறியிருக்கும்போது 100 கெஜத்தில் மூன்று மூன்றாகச் சுடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், நாலைந்து தனித்தனி நாளில் செய்யுங்கள். வேட்டையில் எண்ணிக்கையில் வருவது ஆறிய குழலின் முதல் குண்டுதான். எல்லா நாளும் ஏறத்தாழ அதே இடத்தில், ஒன்றரை அங்குலத்துக்குள் அடித்தால் மான், எல்க் வேட்டைக்கு அது தாராளம்.

சிதறலாக அடிக்கும் ரைஃபிளை உடனே ஒதுக்கவும் வேண்டாம். சில நேரம் பழைய கட்டைதான் குற்றவாளி. இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று: டாலர் நோட்டை மடிக்காமல் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விட்டு ரிசீவர் வரை இழுங்கள். குழல் மரத்தைத் தொடாமல் நிற்கும்படி அமைத்த கட்டை என்றால் நோட்டு தடையில்லாமல் ஓடும். ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் முன்கட்டை வளைந்து குழலை நெட்டுகிறது. குழல் சூடாக ஆக குண்டுகள் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு: ரைஃபிளை நிமிர்த்தி, பின்கட்டையைத் தரையில் ஊன்றுங்கள். இடக்கை விரலை முன்கட்டையின் நுனியிலும் குழலிலும் ஒருசேரப் படும்படி வையுங்கள். வலக்கையால் முன் ஆக்‌ஷன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குழல் நகர்வது விரலுக்குத் தெரிந்தால், ஸ்க்ரூவை முறுக்கும்போதெல்லாம் ரிசீவர் வளைகிறது என்று பொருள். டயல் இண்டிகேட்டர் இருந்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேல் நகரக்கூடாது.

இந்தச் சோதனைகளில் தோற்ற ரைஃபிளுக்குப் புதுக்கட்டை மருந்தாகும். இரண்டிலும் தேறியும் சிதறுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் குழலிலோ ஸ்கோப்பிலோ இருக்கிறது. அதை எந்த மரமும் குணப்படுத்தாது.

பழைய கட்டையில் ரிசீவரின் வால்முனைக்குப் பின்னால், கைப்பிடியை நோக்கி ஓடும் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், உதையை ரீகாயில் லக் (ரிசீவரின் அடியில் உதையை மரத்துக்குக் கடத்தும் முனைப்பு) வாங்கவில்லை, வால் வாங்கியிருக்கிறது. வால்முனை ஆப்பு போல இறங்கி மரத்தைப் பிளந்திருக்கிறது. இந்த வெடிப்பைப் பற்றி மீண்டும் வருவோம்.

4. இரும்பு வேலை ஒன்றுகூட பாக்கி இருக்கக்கூடாது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கட்டையைக் குடைவது எப்படி என்று தெரிந்தால் காரணம் புரியும். ரிசீவரின் அடியில் விளக்குக் கரியும் எண்ணெயும் கலந்த மையை மெலிதாகப் பூசுவார்கள். குடைவுக்குள் நேராக இறக்கி, லேசாகத் தட்டி, நேராகத் தூக்குவார்கள். மரத்தில் எங்கெல்லாம் இரும்பு இடித்ததோ அங்கெல்லாம் கரும்புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் உளியாலோ சுரண்டியாலோ சீவி எடுப்பார்கள். மறுபடி மை, மறுபடி இறக்கம். ஒரு ரிசீவர் முழு ஆழத்துக்கு இறங்குவதற்குள் இது நூறு தடவைக்கு மேல் நடக்கும். சீவியது தலைமுடி கனம் கூடிப்போனால் அந்த இடைவெளி கடைசிவரை கண்ணை உறுத்தும். மரத்தைச் சீவலாம், ஒட்டிச் சேர்க்க முடியாது.

இவ்வளவு நெருக்கமாகக் குடைந்தபின் இரும்பில் எதை மாற்றினாலும் மரம் கெடும். ஆகவே கைவினைஞரிடம் போகுமுன் முடித்துவிட வேண்டியவை:

- குழல். மாற்றும் எண்ணம் துளியளவு இருந்தாலும் இப்போதே மாற்றுங்கள். தடித்த குழலுக்குக் குடைந்த வாய்க்காலில் மெல்லிய குழல் கிடந்தால் அசிங்கமாக இருக்கும். ராணுவ மவுசரின் படி படியாகத் தடிமன் குறையும் குழலுக்கு நல்ல மரத்தைச் செலவழிப்பதும் வீண்.
- ட்ரிகர். புது ட்ரிகரின் உடல் அகலம் வேறு, அதிலுள்ள சேஃப்டி நெம்புகோல் போகும் வழியும் வேறு. பிறகு மாட்டினால் பக்கவாட்டு மரத்தைத் தோண்ட வேண்டி வரும்.
- போல்ட் கைப்பிடியும் சேஃப்டியும். ராணுவ மவுசரின் நேர்க்கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும். அதன் சேஃப்டியும் மேல்நோக்கிப் புரள்வதால் ஸ்கோப்பில் முட்டும். மாடல் 70 பாணியில் பக்கவாட்டில் அசையும் மூன்று நிலைச் சேஃப்டியை வைப்பது வழக்கம்.
- அடித்தகடு. ட்ரிகர் கார்டும் மகசின் மூடியும் சேர்ந்த அந்த உறுப்பின் வெளிவடிவம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அர்ஜென்டினா 1909 மவுசருக்குக் கீல் வைத்த மூடி பிறவியிலேயே உண்டு. அதனாலேயே அதைத் தேடுகிறார்கள்.
- ஸ்கோப், அதன் வளையங்களின் உயரம். கன்னம் பதியும் மேல்விளிம்பின் உயரத்தை இதுதான் தீர்மானிக்கிறது.

நீலப்பூச்சை மட்டும் கடைசிக்கு வையுங்கள். குடையும்போது பலமுறை கழற்றி மாட்டுவதில் கீறல் விழும்.

ராணுவ மவுசரை வைத்துக் கணக்குப் போடும்போது இந்த வேலைகள் எல்லாவற்றின் கூலியையும் கூட்டிப் பாருங்கள். மலிவாக வந்த ஆக்‌ஷன், கட்டைக்குப் போகுமுன்பே பழைய மாடல் 70-இன் விலையைத் தொட்டுவிடும். தெரிந்தே செய்தால் தப்பில்லை.

5. எந்த ஆக்‌ஷன் மரத்துக்கு ஒத்துப்போகும்

மவுசர் 98, பழைய மாடல் 70 இரண்டுக்கும் அடிப்பகுதி தட்டை, ரீகாயில் லக் ரிசீவரோடு ஒரே உறுப்பு. மரத்தில் அசையாமல் உட்காரும். மவுசரின் பின் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் முறுக்கினால் மரம் நசுங்கும், ரிசீவர் வளையும். மாடல் 70-இல் மூன்று ஸ்க்ரூ. நடுவில் இருப்பதைப் பிடித்து நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்க வேண்டும். இரண்டிலும் மகசின் பெட்டி மேலும் கீழும் மயிரிழை ஆடவேண்டும். அது நெரிபட்டால் கட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரைஃபிள் நேராக அடிக்காது.

1962-இல் வந்த ரெமிங்டன் 700 உருளை வடிவம், குடைவது எளிது. லக் தனித் தகடாகக் குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே நிற்கும். உருளை உடல் மரத்தில் புரள முயலும் என்பதால் லக்கைச் சுற்றி எபாக்ஸி பிசின் படுக்கை போடுவதுதான் நல்லது. ரூகர் 77-இன் முன் ஸ்க்ரூ சாய்வாக இறங்கி ரிசீவரைப் பின்னாலும் கீழும் சேர்த்து இழுக்கும். பழகிய கை வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று ரூகர் நம்பர் 1. ஒற்றைத் தோட்டா ரைஃபிள், 1967-இல் வந்தது, கட்டை இரண்டு துண்டு. நீளமான பலகை தேவையில்லை என்பதால் நல்ல ரேகையுள்ள சின்னத் துண்டுகளே போதும், விலை குறையும். முதல் கைக்கட்டைக்கு இதை மனதாரப் பரிந்துரைக்கலாம்.

பிளாஸ்டிக் கட்டையையே எலும்பாக வைத்துக் கட்டிய இன்றைய மலிவு ரைஃபிள்களைத் தவிருங்கள். ரூகர் அமெரிக்கன் ரைஃபிளின் படுக்கை உறுப்புகள் கட்டைக்குள்ளேயே இருக்கின்றன. டிக்கா டி3-இன் லக்கும் ரிசீவரில் இல்லை, கட்டையில் இருக்கிறது. நன்றாகச் சுடும் துப்பாக்கிகள்தான். ஆனால் மரத்துக்கு மாற்றினால் பாதி உறுப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

6. தோட்டா, உதை, மழை

.30-06 வந்தது 1906-இல், .270 வின்செஸ்டர் 1925-இல். இரண்டும் இன்றும் எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ளப் போகும் ரைஃபிளுக்கு இது சின்ன விஷயமில்லை. .270-க்காகவே எழுதிப் புகழ்பெற்ற ஜாக் ஓ’கானர் கடைசிவரை விரும்பி வைத்திருந்தது அபூர்வத் துப்பாக்கி எதுவும் இல்லை. கடையில் வாங்கிய மாடல் 70 ஃபெதர்வெயிட்தான். அதற்குக் கட்டை செய்தவர் ஸ்போக்கேன் நகரின் ஆல் பீஸன்.

.375 எச் அண்ட் எச் போன்ற பலமாக உதைக்கும் தோட்டா என்றால் அழகை விட்டுக்கொடுக்க வேண்டும். கைப்பிடிப் பகுதியில் ரேகை நேராக ஓட வேண்டும், ரிசீவருக்கு அடியில் கட்டையின் குறுக்கே இரண்டு இரும்பு ஆணி, குழலின் அடியில் இரண்டாவது லக் வேண்டும்.

மரம் ஈரத்தில் குறுக்கே உப்பும், நீளவாக்கில் அநேகமாக மாறாது. அலாஸ்கா கடலோரத்தில் வாரக்கணக்கில் மழையில் நனையப்போகும் ரைஃபிளை ஃபைபர் கட்டையிலேயே விட்டுவிடுங்கள். வயோமிங், மொன்டானாவின் காய்ந்த சமவெளியில் வேட்டையாடுபவருக்கு வால்நட் பிரச்சினை தராது. குடைவின் உட்புறமும் ரப்பர் பட்டைக்கு அடியிலுள்ள வெட்டுமுகமும் எண்ணெய் குடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

7. உங்கள் உடம்புக்குப் பழைய கட்டையில் ஒத்திகை

ஒரு வேட்டைப் பருவம் முழுவதும் பழைய கட்டையை உங்கள் அளவுக்கு ஏற்றி இறக்கிப் பாருங்கள். கன்னம் படும் இடத்தில் அட்டைத் துண்டுகளை டேப் போட்டு ஒட்டுங்கள். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து, கண் திறந்ததும் ஸ்கோப்பின் வட்டம் முழுதாகத் தெரியும்வரை அட்டையைக் கூட்டிக் குறையுங்கள். ட்ரிகரிலிருந்து பின்கட்டை நடுவரை உள்ள நீளம் தொழிற்சாலைக் கட்டைகளில் பெரும்பாலும் 13½ அங்குலத்தை ஒட்டி இருக்கும். குளிர்காலக் கோட்டுடன் வேட்டையாடுபவர் சட்டையோடு அளந்ததில் கால் முதல் அரை அங்குலம் குறைக்கலாம். ஒரு பருவம் கழித்தும் அந்த ரைஃபிளையே கை தேடினால் தேர்வு முடிந்தது.

8. இப்போது மரம்

பலகை சுமார் 34 முதல் 36 அங்குல நீளம், இரண்டரை அங்குலக் கனம். ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதம். மீட்டரை மட்டும் நம்பாமல் மாதம் ஒருமுறை எடைபோட்டு, எடை மாறாமல் நின்றால்தான் உளியை வைக்க வேண்டும். பதம் வராத மரத்தில் செய்த கட்டை முதல் குளிர்காலத்திலேயே முறுக்கிக்கொள்ளும். சுழிகளும் புகைவரிகளும் பின்கட்டையில் இருக்கட்டும். கைப்பிடியிலும் முன்கட்டையிலும் ரேகை நேராக, கைப்பிடியின் சாய்வோடு சேர்ந்து ஓட வேண்டும். இங்கிலீஷ் வால்நட் இழை நெருக்கமானது, அங்குலத்துக்கு 24 கோடு செக்கரிங் (பிடிமானத்துக்காகச் செதுக்கும் குறுக்குக்கோடுகள்) தாங்கும். அமெரிக்கக் கறுப்பு வால்நட் இழை திறந்தது, 20 கோட்டோடு நிறுத்துவது நல்லது.

கைவினைஞரிடம் ஒரு கேள்வி தவறாமல் கேளுங்கள்: வால்முனைக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள்? விசிட்டிங் கார்டு கனத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும். லக்கின் பின்முகம் மட்டும் மரத்தில் முழுதாக உட்கார்ந்து, அதன் முன்னும் அடியும் பக்கங்களும் தொடாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் முன்பு சொன்ன வெடிப்பு வராது. வால்முனையில் இடைவெளியே இல்லாமல் ஒட்டச் செய்வேன் என்று பெருமையாகச் சொல்பவரிடம் .30-06-ஐ ஒப்படைக்க வேண்டாம்.

அமெரிக்காவுக்குள் ஃபெடரல் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்துக்கு ரைஃபிளை வேலைக்கு அனுப்பலாம், அவர் நேரே உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். மாநிலச் சட்டத்தையும் கூரியர் விதியையும் முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள். பெட்டியில் ஸ்கோப், வளையங்கள், அடித்தகடு, எல்லா ஸ்க்ரூவும், அட்டை ஒட்டிய பழைய கட்டையும் போகட்டும், எண்களைவிட அந்த அட்டை அவருக்கு அதிகம் சொல்லும். வேலை முடிந்ததும் பழைய கட்டையைக் கேட்டு வாங்கி, அதன் பட் பிளேட் ஸ்க்ரூக்களைத் தனிப் பையில் போட்டு, ரைஃபிளின் வரிசை எண்ணை எழுதி ஒட்டி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கவைத்து வையுங்கள்.